நாற்பதுக்கு யு கிடையாது

சிவகாசியில் அச்சகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் தொழில். காலண்டர், டைரி, பில் புக், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக் குழந்தைகளுக்கான சுவர் சார்ட் என்று எது வந்தாலும் பிளேட் போடுவதற்கு முன்னால் ஒரு முறை என் மேஜைக்கு வரும். இவற்றில் எதற்கு அதிகக் கவனம் வேண்டும் என்று கேட்டால், பலரும் பஞ்சாங்கக் காலண்டர் என்று நினைப்பார்கள். எனக்கு ஒன்றிலிருந்து நூறு வரை ஆங்கிலத்தில் எண் பெயர் போட்ட சார்ட்தான். மொத்தமே நூறு சொற்கள். ஆனால் எழுதப் பழகும் குழந்தை அதைப் பார்த்துத்தான் பழகும். அதில் ஒரு எழுத்து தவறினால், அந்தத் தவறு பிள்ளையின் கையோடு பல வருஷம் கூடவே வரும்.

பிழைகள் எங்கெங்கே வரும் என்பது எனக்கு மனப்பாடம். நாற்பதில் ஒரு யு நுழையும். தொண்ணூறில் நடுவிலிருக்கும் ஈ விழுந்துவிடும். பதினைந்தில் எஃப் இருக்கவேண்டிய இடத்தில் வி வந்து உட்காரும். பன்னிரண்டாவதைக் குறிக்கும் டுவெல்ஃப்த்தில் எஃப் காணாமல் போகும். எட்டாவதைக் குறிக்கும் எய்ட்த்தில் கடைசியிலுள்ள எழுத்துகள் இடம் மாறிக் குழம்பும். ஒன்பதாவதில் தேவையில்லாத ஈ ஒட்டிக்கொள்ளும். எந்த அச்சகம், எந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆர்டர் என்ற வித்தியாசமே இல்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் அங்கே தரையில் ஏதோ மேடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மேடு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் புரூஃப் பார்ப்பதும் சுலபமானது, வீட்டுக்கு வரும் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் சுலபமானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, டாக்டரில் வரும் முதல் எழுத்தை டி என்றும், டேபிளில் வரும் முதல் எழுத்தை டீ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நாற்பதிலிருந்தே தொடங்கலாம். சார்ட் ஆர்டர் கொடுத்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர், நான் சுழித்திருந்த யுவைப் பார்த்துவிட்டு நேராக என்னிடமே வந்தார். "ஏம்மா, நாலுக்கு யு இருக்கு, பதினாலுக்கு யு இருக்கு. நாப்பதுக்கு மட்டும் ஏன் எடுக்கீங்க? கலருக்கு யுவ எடுத்தானே அமெரிக்காக்காரன், அந்த ஸ்பெல்லிங்கா இது? நம்ம பள்ளிக்கூடத்துல அது ஆகாதும்மா" என்றார். கேள்வி நியாயமானது. ஆனால் கலரும் நாற்பதும் வேறு வேறு கதை. கலரிலிருந்து யுவை எடுத்தது அமெரிக்காவில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் பிடித்த கட்சி. 1828இல் வந்த அவருடைய பெரிய அகராதி அதை அங்கே நிலைநிறுத்தியது. நாற்பது அப்படியில்லை. லண்டனில் அச்சிட்டாலும் நியூயார்க்கில் அச்சிட்டாலும் நாற்பதுக்கு யு கிடையாது. பழைய ஆங்கில நூல்களில் யு போட்ட வடிவமும் கண்ணில் படும். பிறகு அது வழக்கொழிந்துவிட்டது. நம் பாடநூல்கள் பின்பற்றும் பிரிட்டிஷ் அகராதியையே எடுத்து அண்ணாச்சிக்குக் காட்டினேன். அவர் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை தேவையில்லை. அவர்களுக்கு வேறொன்று சொல்வேன். எஃப், ஓ, ஆர், டீ, ஒய். அகரவரிசையைச் சொல்லிப் பாருங்கள்: இந்த ஐந்து எழுத்தும் அதே வரிசையில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும், எங்குமே பின்னால் திரும்பாது. ஆங்கில எண் பெயர்களில் இப்படி இருப்பது நாற்பது ஒன்றுதான். யுவை நடுவில் செருகினால் ஆருக்கு முன்னால் யு வந்து வரிசை கெட்டுவிடும். "வரிசையில நிக்குதா?" என்று கேட்டால் போதும், பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிர் ஒன்று. ஓ, என், ஈ என்று அகரவரிசையில் பின்னோக்கியே போவது அந்த ஒரு எண்தான்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் எஃப் ஏன் என்ற கேள்விக்கு விடை என்னை வியக்கவைத்தது. ஃபைவ் என்பதுதான் மூலம், அதில் வி இருக்கிறது, மற்றதில் அது எஃப்பாகத் திரிந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். உண்மை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ஐந்தின் பெயர் ஃபீஃப். முன்னும் பின்னும் எஃப். அதன் பின்னால் ஓர் உயிரொலி சேரும்போது, இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட எஃப் மெலிந்து வியாக ஒலித்தது. அந்த வடிவம்தான் இன்றைய ஃபைவ். ஐம்பதிலும் பதினைந்திலும் அடுத்து மெய்யொலி வந்ததால் பழைய எஃப் அப்படியே பிழைத்துக்கொண்டது. டுவெல்வும் டுவெல்ஃப்த்தும் இதே கதைதான். ஒரு கத்திக்கு நைஃப், பல கத்திக்கு நைவ்ஸ். ஓநாய்க்கு வுல்ஃப், ஓநாய்களுக்கு வுல்வ்ஸ். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். ஐம்பதைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

மூன்றுக்கு த்ரீ, ஆனால் பதின்மூன்றும் முப்பதும் மூன்றாவதும் தர்ட்டீன், தர்ட்டி, தர்ட். ஆர் இடம் மாறிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் மூன்றாவதுக்கு த்ரிட்ட என்பது போலத்தான் ஒலி இருந்தது. காலப்போக்கில் ஆரும் உயிரும் இடம் மாறிக்கொண்டன. பறவைக்கான பேர்ட் என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஆர் முன்னால் வர, ப்ரிட் என்று இருந்ததுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். தசை என்போம், சதை என்போம். விசிறி என்போம், பழைய வழக்கில் சிவிறி. நம் வாய் செய்வதை அவர்கள் வாயும் செய்திருக்கிறது.

அடுத்து டூ. அந்த டபிள்யூ எதற்கு அங்கே நிற்கிறது என்று கேட்காத பிள்ளையே இல்லை. ஒரு காலத்தில் அது ஒலித்தது. இன்றும் டுவெல்வ், டுவென்டி, டுவைஸ், டுவின், பிட்வீன் எல்லாவற்றிலும் ஒலிக்கிறது. பன்னிரண்டு, இருபது, இருமுறை, இரட்டை, இரண்டுக்கு நடுவில் என்று எல்லாமே இரண்டின் உறவுக்காரர்கள். டூவில் மட்டும் உதடு குவிந்த உயிரொலிக்குள் அது கரைந்துபோனது. ஒன்றின் கதை இதற்கு எதிர்மாறு. வன் என்று சொல்கிறோம், ஆனால் டபிள்யூவே இல்லை. அந்த ஒலி இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டாரத்துப் பேச்சிலிருந்து வந்து பொது வழக்கில் ஏறிக்கொண்டது. எழுத்து பழையபடி நின்றுவிட்டது. தனியாக என்பதற்கான அலோன், மட்டும் என்பதற்கான ஒன்லி இரண்டுக்குள்ளும் இருப்பது இதே ஒன்றுதான். அங்கே வட்டார ஒலி ஏறவில்லை. சொல்லுக்கு முன்னால் நாம் போடுகிற ஏவும் ஆனும்கூட அந்த ஒன்றின் தேய்ந்த வடிவங்களே.

லெவனும் டுவெல்வும் ஏன் டீனில் முடியவில்லை என்று என் தங்கை மகன் கேட்டான். "பெரியம்மா, ஒன்டீன், டூடீன்னுதானே வரணும்?" சரியான கேள்வி. பத்து போக மீதி ஒன்று, பத்து போக மீதி இரண்டு என்ற பொருளில் அமைந்த பழைய பெயர்கள் அவை. டுவெல்வின் முதல் இரண்டு எழுத்து டூவின் முதல் இரண்டு எழுத்தேதான். அதைக் காட்டியதும் அவன் பன்னிரண்டை அதன்பிறகு தப்பாக எழுதவில்லை.

எட்டு. நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து ஒலியில்லாமல் நிற்கும். ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளை அதிகம் அழவைக்கும் ஜோடி இதுதான். நைட், லைட், ரைட், டாட்டர், தாட் எல்லாவற்றிலும் இந்த ஜோடி. 'அஃது' என்று நாம் சொல்லும்போது தொண்டையில் உரசுகிற ஒலி இருக்கிறதே, ஏறக்குறைய அப்படி ஓர் ஒலி ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்தது. அதைக் குறிக்கத்தான் ஜி, எச் சேர்த்து எழுதினார்கள். ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. எட்டுக்கு அஹ்ட், இரவுக்கு நஹ்ட், மகளுக்கு டோஹ்டர். ஆங்கிலத்தில் ஒலி செத்துவிட்டது, எழுத்து மிச்சம். லாஃப், காஃப், இனஃப் போன்ற சில சொற்களில் மட்டும் அது எஃப்பாக மாறித் தப்பித்தது. இதனால்தான் ஓ, யு, ஜி, எச் என்ற ஒரே நான்கு எழுத்து தோ, த்ரூ, டஃப், காஃப், தாட் என்று ஆளுக்கொரு விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்ல முயன்று பிள்ளையைக் குழப்பாதீர்கள். நைட், லைட், ரைட், எய்ட் என்று ஒலி செத்த கூட்டத்தை ஒரு நாள், எஃப் ஆன கூட்டத்தை இன்னொரு நாள் என்று பிரித்துக் கொடுங்கள்.

எட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரவு என்ற சொல் எல்லா மொழியிலும் என் என்ற எழுத்தோடு எட்டைச் சேர்த்தால் வரும்; என் என்பது முடிவிலியின் குறி; ஆகவே இரவு முடிவில்லாதது என்று போகும் அது. பக்கத்திலேயே எட்டு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் எய்ட் வந்தது என்று இன்னொரு செய்தியும் வரும். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள், ஆனால் இரண்டும் சரியல்ல. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியம் எல்லாம் ஒரே மொழிக்குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூல மொழியில் இரவுக்கும் எட்டுக்குமான சொற்கள் தற்செயலாக ஒலி ஒத்திருந்தன. பிறகு ஒரே மாதிரி மாற்றங்களுக்கு ஆளானதால் பல கிளை மொழிகளில் ஜோடியாகவே வந்தன. அதே குடும்பத்துச் சமஸ்கிருதத்தைப் பாருங்கள்: எட்டு அஷ்ட, இரவு நக்த. ஜோடி உடைந்துவிட்டது. தமிழ் வேறு குடும்பம். எட்டும் எய்ட்டும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். பிள்ளைகளுக்குச் சொல் வரலாறு சொல்லும்போது இதில் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொய் வரலாறு ஒன்றைக் கொடுத்தால், நாளைக்கு உண்மையான வரலாற்றையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

அச்சுத் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி எங்கள் ஆட்கள் வருகிற பகுதிதான். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அது. அதுவரை கையால் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரின் வாய் நிற்காமல் மாறிக்கொண்டிருந்தது. நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. ஐந்தின் பெயரில் இருந்த ஈ ஒலி ஐ ஆனதும் அந்தப் பெயர்ச்சியில்தான். எழுத்து நின்றுவிட்டது, ஒலி போய்விட்டது. நாம் இன்று படிக்கும் எழுத்துக்கூட்டில் பெரும்பகுதி மறைந்துபோன ஒரு பேச்சின் பதிவு. காக்ஸ்டன் பல வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்தவர், அச்சுத் தொழிலை ஜெர்மனியின் கொலோன் நகரில் கற்றவர். பேய்க்கான கோஸ்ட் என்ற சொல்லில் ஜிக்குப் பக்கத்தில் எச் வந்து நிற்பது அந்தப் பக்கத்து வழக்கம், அச்சோடு சேர்ந்து வந்தது.

ஈய எழுத்துக் கோத்த காலத்துப் பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வரி இடது வலது இரண்டு பக்கமும் ஒட்டி நிற்க எவ்வளவு பாடுபடவேண்டும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய ஆங்கிலக் கம்பாசிட்டர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஹீ என்ற சொல்லுக்கு ஒரு ஈயும் போடலாம், இரண்டு ஈயும் போடலாம் என்று இருந்த காலம் அது. வரி குறைந்தால் எழுத்தைக் கூட்டினார்கள், மீறினால் குறைத்தார்கள். எழுத்துக்கூட்டு ஓர் ஒழுங்குக்கு வரப் பல தலைமுறை பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி அந்த ஒழுங்கை இங்கிலாந்தில் இன்னும் உறுதியாக்கியது.

பில் புக் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் சொல் ரெசீட். அதில் டீக்கு முன்னால் வாயே திறக்காத ஒரு பி இருக்கிறது, பேப்பரில் வரும் பி. அந்தப் பி ஒலியால் வந்தது அல்ல, படித்தவர்களின் ஆசையால் வந்தது. லத்தீன் மூலச் சொல்லில் பி இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகக் கொண்டுவந்து செருகினார்கள். கடனுக்கான டெட், சந்தேகத்துக்கான டவுட் இரண்டிலும் உள்ள பி, பேங்கில் வரும் பி, இதே மாதிரி செருகப்பட்டதுதான். தீவுக்கான ஐலண்டில் எஸ் செருகியது இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு லத்தீனோடு உறவே கிடையாது. உறவு இருப்பதாக எண்ணிக்கொண்டு போட்ட எழுத்து. ஏமாற்றுக்கான டிசீட் ரெசீட்டுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதற்குப் பி போடாமல் விட்டுவிட்டார்கள். புரூஃபில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் இரண்டையும் தனித்தனியாக விரல் வைத்துப் பார்ப்பேன்.

இந்த வேண்டாத எழுத்துகளைக் களையப் பலர் முயன்றார்கள். வெப்ஸ்டர் நாக்குக்கான சொல்லை டீ, யு, என், ஜி என்று நான்கே எழுத்தில் எழுதச் சொன்னார். கலருக்குக் கேட்ட மக்கள் இதற்குக் கேட்கவில்லை. 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களுக்கு எளிய எழுத்துக்கூட்டைப் பயன்படுத்தும்படி அரசு அச்சகத்துக்கே உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, பாராளுமன்றம் எதிர்த்தது, உத்தரவு கைவிடப்பட்டது. ஆக இது மாறும் என்று காத்திருந்து பயனில்லை, படித்துத்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் 1925இலிருந்து நடக்கும் தேசிய எழுத்துக்கூட்டுப் போட்டியில் மேடையேறும் பிள்ளைகளைக் கவனியுங்கள். நடுவர் சொல்லைச் சொன்னதும் அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, இது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதுதான். 1985இல் அதில் வென்ற பாலு நடராஜன் முதல், நம் நாட்டு வேர்கொண்ட எத்தனையோ பிள்ளைகள் அங்கே ஜெயித்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அந்தக் கேள்வி. கிரேக்கத்திலிருந்து வந்தது என்றால் ஃபோனின் முதல் ஒலிக்குப் பி, எச். பிரெஞ்சிலிருந்து வந்தது என்றால் ஷெஃபில் சி, எச். தமிழிலிருந்து போன கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் வெட்டிவேரையும் அவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், பிள்ளைகள் அகராதியைப் பிடுங்கிக்கொண்டு தேடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு எண் பெயர் உண்மையில் தேவைப்படும் இடம் காசோலை. இங்கே அலட்சியம் கூடாது. எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881ஆம் ஆண்டின் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் வங்கி அதைத் திருப்பி அனுப்பவும் கூடும். முன்பு போல அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் வேலையும் இப்போது செல்லாது. 2010 டிசம்பர் முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, படமாக அனுப்பித் தீர்க்கப்படும் காசோலைகளில் தொகையிலோ பெயரிலோ திருத்தம் இருக்கக்கூடாது. தவறினால் வேறு தாள்தான். எங்கள் தெருவில் காசோலை எழுதக் கை நடுங்கும் பெரியவர்களுக்கு, அந்த முப்பது சொச்சம் எண் பெயர்களையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். காசோலைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் எழுத்தில் எழுதிவிட்டு, அதைப் பார்த்து எண்ணை எழுதச் சொல்வேன். அவசரத்தில் எல்லாரும் மாற்றித்தான் செய்கிறார்கள்.

காசோலை விஷயத்தில் நம் நாட்டுக்கென்று ஓர் அதிசயம் உண்டு. ஆண்ட் என்ற இணைப்பைப் போடாமல் ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஆயிரம் வரும்வரை ஏ என்ற எழுத்தே வராது. நூறு வரும்வரை டியும் வராது. மேல்நாட்டார் முறையில் தொடர்ந்தால் பேங்கில் வரும் பி பில்லியனில்தான் முதன்முதலில் தலைகாட்டும். கே எந்த எண்ணிலும் வராது. நம் கணக்கில் லட்சத்துக்கான ஆங்கிலச் சொல்லில் கே வந்துவிடுகிறது, கோடிக்கான சொல்லில் சி வந்துவிடுகிறது. ஆங்கில எண்களுக்கு அந்த இரண்டு எழுத்தையும் இவ்வளவு சீக்கிரம் கொடுத்தது நம் நாட்டுச் சந்தைதான். லட்சத்தை எல், ஏ, சி என்று மூன்றெழுத்தில் போடும் பில் புக்குகளும் வரும். அது அரக்குக்கும் உரிய எழுத்துக்கூட்டு. எதைப் போட்டாலும் ஒரே புத்தகத்தில் இரண்டும் கலக்கக்கூடாது என்பதில் நான் விடாப்பிடி.

பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும்போது ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ஏதாவது ஓர் எண்ணை நினைக்கச் சொல்வேன். அதன் ஆங்கிலப் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும். வந்த எண்ணின் பெயரில் எத்தனை எழுத்து? இப்படியே போகவேண்டும். பதினொன்று என்றால் ஆறு எழுத்து, ஆறுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு நான்கு, நான்குக்கு நான்கு. எங்கே தொடங்கினாலும் நான்கில் வந்துதான் நிற்கும். தன் மதிப்பும் எழுத்தின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் ஒரே ஆங்கில எண் அது. எழுத்தைச் சரியாகக் கூட்டாவிட்டால் எண்ணிக்கை தவறும் என்பதால் இதிலேயே ஸ்பெல்லிங் பயிற்சி நடந்துவிடும். ஒரு நாள் இதையே தமிழில் செய்து பார்த்தோம். மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும். பதினேழுக்கு நான்கு எழுத்து, நான்குக்கு மூன்று, மூன்றுக்கு மூன்று. பன்னிரண்டுக்கு ஆறு, ஆறுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு, மறுபடி மூன்று. தமிழில் எல்லாம் மூன்றில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் கூச்சல் போட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்னொன்று. டுவெல்வ், ஒன் என்று இரண்டு சொல்லின் எழுத்துகளையும் தனித்தனித் துண்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள். துண்டுகளைக் கலைத்து அடுக்கினால் லெவன், டூ வரும். ஓர் எழுத்துகூட மிஞ்சாது. கூட்டினால் அதுவும் பதின்மூன்று, இதுவும் பதின்மூன்று. வெட்டிப்போட்ட சார்ட் அட்டை ஓரங்கள் இதற்கு அருமையாகப் பயன்படுகின்றன.

இனி தொழில் சொல்லிக்கொடுத்த சில பழக்கங்கள். எண் சார்ட்டை ஒன்றிலிருந்து நூறுக்குப் படிக்கவே கூடாது. வாய் பாடமாக ஓடும், கண் பார்க்காது. நூறிலிருந்து கீழே வரவேண்டும். சார்ட்டில் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள்களில் சில அப்படிப்பட்ட சொற்களைச் சோதிக்காமலே தாண்டிவிடும். டிசைனர் எழுத்தைக் கர்வ் செய்துவிட்டால் அது கணினிக்கு வெறும் வடிவம், எந்தச் சோதனையும் எடுபடாது. ஆகவே கர்வ் செய்வதற்கு முந்தைய ஃபைலில் ஒரு முறை, பிரின்ட் எடுத்த தாளில் ஒரு முறை. இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை நடுவில் சிறு கோடு உண்டு, பத்தின் மடங்குகளுக்குக் கிடையாது. கோட்டை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சுற்றுப் போவேன்.

ஒன்பதின் வரிசை தனிக் கவனம் கேட்கும். பத்தொன்பதிலும் தொண்ணூறிலும் நைன் முழுசாக ஈயோடு இருக்கும். ஒன்பதாவதில் மட்டும் ஈ போய்விடும். எட்டின் வரிசையில் இரண்டு டீ சேரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிற்கும். எய்ட்டின் கடைசி டீயே டீனுக்கும் முதல் டீ. எண்பதும் எட்டாவதும் அதே மாதிரி. எட்டாவதை எழுதும்போது எய்ட்டை முழுசாக எழுதிவிட்டு எச் ஒன்றை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், பிழை வராது. கல்யாணப் பத்திரிகையில் தேதிக்குப் பின்னால் வரும் குட்டி எழுத்துகளும் சிக்கல்தான். 21க்கு எஸ் டீ, 22க்கு என் டி, 23க்கு ஆர் டி. ஆனால் 11, 12, 13 மூன்றுக்கும் டீ எச். ஆவணிக்கும் தைக்கும் முகூர்த்த ஆர்டர்கள் குவியும்போது இந்த மூன்று தேதிகளைத்தான் முதலில் தேடுவேன்.

கடைசியாகப் போன் ஆர்டர். காலண்டர் சீசனில் ரீம் கணக்கு, பிரதிக் கணக்கு எல்லாம் போனிலேயே ஓடும். மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றுபோலவே கேட்கும். இவற்றின் கடைசியில் ஒலிக்கும் டீன், டி இரண்டும் பத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்த சகோதரர்கள். ஒன்று பத்தோடு கூட்டுவது, மற்றது பத்தால் பெருக்குவது. பதினைந்து சொல்லும்போது அழுத்தம் பின்னால் விழும், ஐம்பதுக்கு முன்னால் விழும் என்று சொல்லிக்கொடுக்கலாம். சத்தத்தில் அதுவும் பிடிபடாது. ஆகவே அச்சகப் பையன்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான். எண்ணை ஆங்கிலத்தில் கேட்டால் தமிழில் திருப்பிச் சொல்லி உறுதி வாங்கவேண்டும்: "பதினஞ்சு ரீமா அண்ணாச்சி, அம்பதா?"